கப்பலேறி வந்த தூண்களும் இடம்பெயராத கட்டுகளும்: செட்டிநாட்டு வீடுகளின் உள்ளமைப்பு

அயல்நாட்டில் கண்ட அழகைத் தம் வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்த விரும்பியோர் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கின்றனர். அவர்கள் எதைக் கொண்டுவந்தனர், எதை அங்கேயே விட்டுவிட்டனர் என்பதில்தான் சமூகத்துக்குச் சமூகம் வேறுபாடு தெரிகிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியைச் சுற்றிப் பார்த்துத் திரும்பிய ஆங்கிலப் பிரபு பர்லிங்டன், விசென்சா நகரின் அருகே பல்லாடியோ என்னும் கட்டடக் கலைஞர் எழுப்பியிருந்த ரோட்டுண்டா மாளிகையை முன்மாதிரியாகக் கொண்டு, 1720களின் இறுதியில் லண்டனை ஒட்டிய சிசிக்கில் ஒரு மாளிகை கட்டினார். நடுவே குவிமாடம், அதைச் சுற்றி ஒழுங்காக அமைந்த அறைகள் என்று அந்தக் கட்டடத்தின் அமைப்பே இத்தாலியைப் பின்பற்றியது. ஆனால் அதில் சமையலறை இல்லை, அன்றாட வாழ்க்கை பக்கத்திலிருந்த பழைய வீட்டிலேயே நடந்துவந்தது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், தமிழகத்தின் வறண்ட நிலப்பகுதி ஒன்றிலிருந்து கடல் கடந்து சென்ற வணிகர்கள் இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தனர். தூணுக்கு மரமும் தரைக்குப் பளிங்கும் சுவருக்குக் கண்ணாடியும் உலகின் பல மூலைகளிலிருந்து வரவழைத்த அவர்கள், வீட்டின் அமைப்பை மட்டும் எந்த நாட்டிலிருந்தும் கடன் வாங்கவில்லை.

இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக்கிடக்கும் செட்டிநாடு, நாட்டுக்கோட்டை நகரத்தார் என்னும் வணிகச் சமூகத்தின் தாயகம். மரபுப்படி 96 ஊர்கள் என்று எண்ணப்பட்ட இப்பகுதியில் இன்று எஞ்சியிருப்பவை எழுபதைச் சற்றே தாண்டும். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி உள்ளிட்ட ஒன்பது கோவில்களின் வழியே நகரத்தார் தம் குலப்பிரிவுகளை அடையாளம் காண்கின்றனர். ஆறில்லாத நிலத்தில் மழைநீரை ஊருணிகளில் தேக்கி, அவற்றைச் சுற்றி நேர்கோட்டுத் தெருக்களாக ஊர்களை வகுத்தனர். உப்பு, அரிசி, துணி என்று பொருள் வணிகம் செய்துவந்த இவர்கள், 19ஆம் நூற்றாண்டில் வட்டித் தொழிலுக்கு மாறி இலங்கை, பர்மா, மலாயா, சைகோன் வரை சென்றனர். கீழ்ப் பர்மா 1852இல் பிரிட்டிஷாரின் கைக்குப் போனதும், 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐராவதி ஆற்றின் கழிமுகத்தை உலகச் சந்தைக்கு அரிசி விளைவிக்கும் நிலமாக மாற்றின. காடழித்து வயலாக்கிய பர்மிய உழவர்களுக்கு முதல் கொடுத்தவர்களில் முன்னணியில் நின்றவர்கள் செட்டியார்களே.

இந்தப் பயணங்களை இன்றைய சுற்றுலாவோடு ஒப்பிட்டால் பொருள் மாறிவிடும். நகரத்தார் வழக்கில் ‘கொண்டுவிற்கப் போதல்’ எனப்பட்ட இது, பெரும்பாலும் மூன்றாண்டு காலம் ஒரு கடையின் பொறுப்பில் இருந்துவிட்டுத் திரும்புவதாக அமைந்தது. கடையில் கணக்குக் கற்றுக்கொள்ளும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகி, பின்னர் கடையை நடத்தும் மேலாளாக உயர்வார். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இவர்கள் தங்கித் தொழில் செய்த இடம் கிட்டங்கி: நீளமான ஒரே கூடத்தில் பல கடைகளின் பெட்டிகள் வரிசையாக இருக்கும், பகலில் அதன் முன் தரையில் அமர்ந்து கணக்கெழுதியவர்கள் இரவில் அங்கேயே படுத்துக்கொள்வர். செட்டிநாட்டு வீட்டின் ஆடம்பரத்தைப் பேசும்போது இந்தக் கிட்டங்கியையும் சேர்த்துப் பேசுவது அவசியம். வெளிநாட்டில் மெத்தையோ நாற்காலியோ இன்றிச் சிக்கனமாக வாழ்ந்தவர்களே ஊரில் பளிங்கு பதித்தனர். அவர்கள் அயல்நாட்டு வாழ்க்கை முறையை விரும்பிப் பின்பற்றியவர்கள் என்று கொள்ள இடமில்லை. துறைமுகத்தில் இறங்கும் சரக்கையும் அதன் தரத்தையும் விலையையும் அன்றாடம் கண்டவர்களின் கண்ணோடு அவர்கள் வீட்டுப் பொருள்களைத் தேர்ந்தனர். அந்நாடுகளில் அவர்கள் தமக்கெனப் பெரிதாகக் கட்டியது கோவில்களைத்தான். சிங்கப்பூரின் டேங்க் சாலையில் உள்ள தண்டாயுதபாணி கோவில் 1859இல் எழுந்தது.

வந்த பொருள்களில் முதலிடம் தேக்குக்கு. பர்மியக் காடுகளில் தேக்கை வெட்டுவதற்கு முன், அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாகச் செதுக்கி, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் உலர விடுவர். ஈரம் வற்றாத தேக்கு நீரில் மிதக்காது என்பதே காரணம். உலர்ந்த மரத்தை யானைகள் ஓடைக்கரைக்கு இழுத்துவர, மழைக்கால வெள்ளம் அதை ஆற்றில் சேர்க்கும்; அங்கிருந்து தெப்பமாகக் கட்டப்பட்டு ரங்கூனின் மரவாடிகளை அடையும். இவ்வாறு காட்டிலேயே உலர்ந்து வந்த மரம் எளிதில் முறுக்கிக்கொள்ளாது, எண்ணெய்ப் பசையுள்ளதால் கரையானும் அதை எளிதில் அண்டாது. திண்ணையிலும் முற்றத்தைச் சுற்றியும் நிற்கும் ஒற்றை மரத் தூண்கள், மேல்தளத்தைத் தாங்கும் உத்தரங்கள், தலைவாசல் நிலை எல்லாம் இந்த மரத்தால் ஆனவை. இலங்கையிலிருந்து முதிரையும் வந்தது. மரம் அயல்நாட்டுடையது என்றாலும் உளி உள்ளூர்த் தச்சருடையது என்பதை மறக்கலாகாது: நிலையின் மேற்பலகையில் இரு யானைகள் நீர் சொரிய அமர்ந்த கஜலட்சுமி, பக்கச் சட்டங்களில் கொடியும் கிளியும் யாளியும் என்று அவர்கள் செதுக்கியவை கோவில் தேர்களில் பழகிய கையின் வேலைகள்.

இனி, மாறாமல் நின்ற அமைப்பு. ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் நீண்ட மனையில், வாசலில் நின்றால் கொல்லைக் கதவு வரை பார்வை செல்லும்படி எல்லா வாயில்களும் ஒரே கோட்டில் வைக்கப்பட்டன. தெருவை நோக்கியது முகப்பு. அதில் இருபுறமும் உயர்ந்த திண்ணைகள். அதைக் கடந்தால் வளவு எனப்படும் முதற்கட்டு: நடுவே வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தூண்கள் தாங்கும் பத்திகள், பத்திகளை ஒட்டி அறைகள். அடுத்த கட்டு விருந்து பரிமாறவும், அதற்கடுத்தது சமையலுக்கும் தவசம் புடைக்கவும் வற்றல் காயவைக்கவும் பயன்பட்டன. வளவின் அறைகள் இன்றைய பொருளில் படுக்கையறைகளாக இருந்ததில்லை. நகரத்தார் வழக்கில் மணமான ஒவ்வோர் இணையும் ஒரு புள்ளி. கோவில் வரி முதல் குடும்பச் செலவு வரை எல்லாம் புள்ளிக் கணக்கில்தான். மகனுக்கு மணமானபின் அவனையும் மருமகளையும் தனிக் குடும்பமாக அதே கூரையின் கீழ் வைப்பதை ‘வேறு வைத்தல்’ என்பர்; அப்படி வேறு வைக்கப்பட்ட இணையின் சீர்ப்பொருளும் நகையும் துணியும் பூட்டிவைக்கப்பட்ட இடமே வளவின் அறை. எத்தனை மகன்கள் என்பதைப் பொறுத்து அறைகள் அமைந்தன. திருமணமும் மணிவிழாவும் சொந்த வீட்டு வளவிலேயே நடந்தன. முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்குப் பங்காளிகள் ஒரே வீட்டில் கூடினர். நூற்றுக்கணக்கானோர் அமர இடம், வரிசை வரிசையாக விருந்திட வழி, மணச் சடங்குக்கு வானம் தெரியும் முற்றம் என்று இந்த நிகழ்ச்சிகள் கேட்டவற்றை இத்தாலிய மாளிகையோ மலாயாவின் தோட்டத் துரை பங்களாவோ தந்திருக்க முடியாது. அமைப்பு மாறாததற்குப் பழமைப் பற்று மட்டும் காரணமன்று. அந்த வீடு ஆற்றவேண்டியிருந்த வேலைக்கு அந்த அமைப்புத்தான் பொருந்தியது.

அமைப்பு உறுதியாக நின்றதால் அயல்நாட்டுப் பொருள்கள் எங்கே இடம்பெறுவது என்பதையும் அதுவே தீர்மானித்தது. பெரிய வீடுகள் பலவற்றில், தெருவிலிருந்து உள்ளே செல்லச் செல்ல வெளிநாடு குறைந்துகொண்டே போவதைக் காணலாம். முகப்புச் சுதையில் லட்சுமியின் பக்கத்திலேயே துப்பாக்கி ஏந்திய வெள்ளைக்காரச் சிப்பாயும் சிறகுள்ள ஐரோப்பியத் தேவதையும் நிற்பர். முகப்பை அடுத்த வரவேற்புக் கூடத்தில் இத்தாலியப் பளிங்குத் தரை, ஆளுயரத்தை மிஞ்சும் பெல்ஜியக் கண்ணாடி, ஐரோப்பியச் சரவிளக்கு, ரவிவர்மா படங்களின் அச்சுப் பிரதிகள், பிரிட்டனில் வார்த்த இரும்புக் கம்பித் தடுப்புகள் ஆகியவை நெருக்கமாகக் கூடுகின்றன. முதற்கட்டில் தேக்கும் வண்ண ஓடும் உண்டு, ஆனால் அறைகலன் குறைவு. பின்கட்டுகளில் கருங்கல் தூணும் எளிய தரையும் அம்மியும் உரலும் மட்டுமே. இதை வெறும் பகட்டு என்று ஒதுக்குவது எளிது; எனினும் வட்டித் தொழிலில் ஒருவரின் முதல் என்பது பிறர் அவரிடம் வைக்கும் நம்பிக்கையும் சேர்ந்ததே ஆதலால், பிறர் பணத்தை வைப்பாக ஏற்கும் ஒருவர் வீட்டின் முன்கூடம் அவருடைய கணக்குப் புத்தகத்தின் முதல் ஏட்டைப்போலச் செயல்பட்டது. பெண் பார்க்க வருவோரும் வைப்புப் போட வருவோரும் அமர்ந்த இடம் அதுவே.

கண்ணுக்கு எளிதில் தட்டாத ஒரு பொருள் இந்தப் பரிமாற்றத்தின் சிக்கலை மற்றவற்றைவிட நன்றாகக் காட்டுகிறது. வளவுச் சுவரின் கீழ்ப்பகுதியில் பதிக்கப்பட்ட, மேடுபள்ளமாகப் பூ வார்த்துப் பளபளப்பேற்றிய பீங்கான் ஓடுகள் பல ஜப்பானில் செய்யப்பட்டவை. மஜோலிக்கா ஓடு எனப்படும் இவ்வகை விக்டோரியா கால இங்கிலாந்தில் பெருகியது. முதல் உலகப்போர் ஐரோப்பிய ஏற்றுமதியை முடக்கியபோது, அந்த நுட்பத்தைக் கற்றிருந்த ஜப்பானிய ஆலைகள் ஆசியச் சந்தைகளில் நுழைந்தன. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் நகரங்களில் பெரனாக்கன் எனப்படும் உள்ளூர்ச் சீனர்களின் கடைவீடுகளை அலங்கரித்தவையும் இவையே. வட்டிக்கடைக்காரர் நாள்தோறும் கடந்துசென்ற தெருக்கள் அவை. இந்தியச் சந்தைக்கென இந்த ஆலைகள் தனியாகவும் வார்த்தன: ரவிவர்மா அச்சுப் படங்களால் பரவியிருந்த லட்சுமியும் கண்ணனும் ஜப்பானியச் சூளையில் வெந்து கப்பலேறித் திரும்பினர். கேரளத்து ஓவியர் ஐரோப்பிய முறையில் வரைந்த தெய்வம், ஆங்கில நுட்பத்தில் ஜப்பானியர் செய்த ஓட்டில் இந்தியச் சுவரை அடைந்தது என்றால், அதை எந்த நாட்டுக் கலை என்று வகைப்படுத்துவது? விற்பனைப் பட்டியல்களும் வழிகாட்டி நூல்களும் ‘ஜப்பான் ஓடு’ என்று ஒரே சொல்லில் கடந்துவிடுகின்றன.

இறக்குமதிக்கு உள்ளூர் தந்த மறுமொழி ஆத்தங்குடி ஓடு. சிமெண்டில் வண்ணம் சேர்த்துத் தரை ஓடு வார்க்கும் முறை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவில் தோன்றியது. அங்கே அதற்கு அழுத்தப் பொறி தேவைப்பட்டது. காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் பொறியின் இடத்தைக் கண்ணாடித் தகடு பிடித்தது. தகட்டின் மீது இரும்புச் சட்டத்தை வைத்து, பூ வடிவில் வளைத்த உலோக அச்சை அதனுள் பொருத்தி, அச்சின் ஒவ்வோர் அறைக்கும் உரிய வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவர். கைதேர்ந்தவர்கள் அச்சே இல்லாமல் கையசைவாலேயே கோலம் இழுப்பதும் உண்டு. பின் அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை நிரப்பி மட்டம் செய்வர். இறுகிய ஓடு சில நாள் தண்ணீர்த் தொட்டியில் கிடந்து, பின் நிழலில் உலரும்; கண்ணாடி தானே கழன்றுவர, அதன் வழவழப்பு ஓட்டின் முகத்தில் தங்கிவிடும். சூளையோ தீயோ இதில் இல்லை. அந்த வட்டாரத்து மணல்தான் ஓட்டின் தரத்துக்குக் காரணம் என்று செய்வோர் சொல்கின்றனர். பளிங்கு வாங்க வசதியில்லாதவரின் மாற்று என்று மட்டும் இதைக் கருத முடியாது. பளிங்குத் தரையுள்ள கூடத்தை அடுத்தே சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக இந்த ஓட்டைப் பதித்த செல்வர் வீடுகள் உள்ளன, வெறுங்காலுக்கு இது தரும் குளிர்ச்சியும் பழகப் பழக ஏறும் மெருகும் வேறு கணக்கு.

வெளியிலிருந்து எதையும் வேண்டாத பகுதியும் உண்டு. சுண்ணாம்பை நெடுநாள் ஊறவைத்து அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் சேர்த்து, பூச்சின் மேல் பூச்சாக மேலும் மேலும் நைசாக்கி, இறுதிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கரு கலந்து கூழாங்கல்லால் தேய்த்த சுவர்கள், நூறாண்டுக்குப் பின்னும் கை வைத்தால் பளிங்கைப்போல் குளிர்கின்றன. வெள்ளையடிக்க வேண்டியதில்லை, ஈரத்துணியால் துடைத்தால் போதும். வண்ணப்படங்களில் இச்சுவர் தெரிவதில்லை, தூண்தான் தெரிகிறது. இந்த வீடுகளின் கைவினை உச்சம் எது என்று கேட்டால், செதுக்கிய தேக்கைவிட இந்தச் சுவரையே சொல்லத் தோன்றும்.

பயணம் செய்தவர் ஆண்கள். வீட்டில் இருந்து அதை நடத்தியவர் பெண்கள். கணவர் ஆண்டுக்கணக்கில் ரங்கூனிலோ ஈப்போவிலோ இருக்க, வரவு செலவு, வேலையாட்கள், குலதெய்வக் கடன் அனைத்தையும் ஆச்சி என்று அழைக்கப்பட்ட நகரத்தார் பெண்களே கவனித்தனர். ஆதலால் உள்ளலங்காரத்தை வணிகரின் ரசனை என்று மட்டும் எழுதுவது முகப்போடு நின்றுவிடுவதாகும். மணப்பெண்ணின் சீரை வளவில் விரித்துவைத்துச் சுற்றத்தாருக்குக் காட்டும் ‘சாமான் பரப்புதல்’ என்னும் வழக்கத்தில் பித்தளை அண்டா, வெண்கல உருளி, ஐரோப்பிய எனாமல் வாளி, வண்ணம் தீட்டிய ஓலைக் கொட்டான், பர்மிய அரக்குப் பாத்திரம் எல்லாம் அளவு வாரியாக அடுக்கப்பட்டன. மூங்கில் பிளாச்சில் பின்னிய கூட்டின் மீது ஒருவகை மரப்பாலைப் பல தடவை பூசி உலர்த்திய அந்த அரக்குப் பாத்திரங்கள், பர்மியர் வெற்றிலைப் பெட்டியாகவும் கோவில் காணிக்கைத் தட்டாகவும் புழங்கியவை. செட்டிநாட்டில் பலகாரமும் பண்டமும் வைக்கப் பயன்பட்டன. சரவிளக்கு எரிந்ததோ இல்லையோ, இந்தப் பாத்திரங்கள் நாள்தோறும் கைபட்டன. பயணம் வீட்டுக்குள் ஊன்றியது கூடத்தைவிடப் பண்டகசாலையில்தான் ஆழமாக என்று இதைக்கொண்டு வாதிடலாம்.

இவ்வளவுக்கும் செலவானது எவருடைய உழைப்பு என்னும் கேள்வியை உள்ளலங்கார நூல்கள் தவிர்த்துவிடுகின்றன. 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் அரிசி விலை சரிந்தபோது பர்மிய உழவர்களால் கடனைத் திருப்ப இயலவில்லை; ஈடாக வைத்த நிலங்கள் கடன் கொடுத்தோர் கைக்குச் சென்றன. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் சாகுபடி நிலத்தின் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் உடைமை, 1938இல் ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. வட்டித் தொழில் செய்தவர்களுக்கு நிலம் விருப்பமான சொத்து அன்று, விற்றுப் பணமாக்க முடியாமல் தேங்கிய முதல்தான் அது. ஆயினும் நிலம் இழந்த உழவரின் கண்ணில் அந்த வேறுபாடு தெரிய நியாயமில்லை. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்தபோது பலர் அனைத்தையும் விட்டுத் திரும்பினர், விடுதலைக்குப் பின் பர்மிய அரசு நிலத்தையும் 1960களில் வங்கிகளையும் வணிகத்தையும் நாட்டுடைமையாக்கியதோடு எஞ்சியதும் போயிற்று. ரங்கூனில் விளைந்த பணம் நின்றதும் செட்டிநாட்டில் அந்த அளவில் வீடு எழுவதும் நின்றது; 1930, 40களில் எழுந்த கடைசிப் பெரிய வீடுகள் சிலவற்றில், முகப்பு மட்டும் அக்காலத்துப் பம்பாய்க் கட்டடங்களைப்போல நேர்கோடும் வளைவுமான புதுப்பாணிக்கு மாறியிருக்க, உள்ளே வளவு பழையபடியே இருப்பதைப் பார்க்கலாம்.

அதன்பின் பொருள்கள் எதிர்த்திசையில் பயணப்பட்டன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பிரித்தெடுத்த நிலைகளும் தூண்களும் எனாமல் பாத்திரங்களும் விற்பனைக்கு அடுக்கப்பட்டன, சென்னைக்கும் பெங்களூருக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றன. 1996இல் திறக்கப்பட்ட முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் செட்டிநாட்டு வணிகர் வீடு ஒன்றைக் காணலாம். கானாடுகாத்தான், கடியாபட்டி, கோத்தமங்கலம் ஆகிய ஊர்களில் சில வீடுகள் தங்கும் விடுதிகளாயின. கோத்தமங்கலத்து வீட்டைச் சீரமைத்து நடத்துவோர் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள். 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. இன்று அழகிய வீட்டுக்கு முன்மாதிரி தேடிப் பயணிப்போர் இங்கே வந்து தங்கி, ஆத்தங்குடி ஓட்டையும் ஒரு சோடித் தூணையும் மனத்தில் கொண்டு திரும்புகின்றனர். அடுக்ககத்தின் வரவேற்பறையில் பதிக்கப்படும் அந்த ஓடு அழகாகவே இருக்கிறது. முற்றமும் பத்தியும் இல்லாத இடத்தில் மேலிருந்து இறங்கும் வெளிச்சம் மட்டும் அதற்குக் கிடைப்பதில்லை. நகரத்தார் பொருளைக் கொண்டுவந்து தம் அமைப்புக்குள் வைத்ததைப்போலவே இவர்களும் பொருளைத்தான் கொண்டுபோகின்றனர், ஆனால் அதை வைப்பதற்கு உறுதியான அமைப்பு ஒன்று கையில் இல்லை.

விடுதியாகாமலும் விற்கப்படாமலும் நிற்கும் வீடுகள்தான் எண்ணிக்கையில் அதிகம். தலைமுறைகளில் புள்ளிகள் பெருகி, ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் உரிமையாளராகிவிட்டதால், ஓடு மாற்றவும் அனைவரும் ஒப்ப வேண்டியிருக்கிறது, விற்கவும் அனைவரும் கையெழுத்திட வேண்டியிருக்கிறது. இந்த இழுபறியில் கூரை ஒழுகி விழுந்த வீடுகளும் உண்டு, இதனாலேயே தூண் பெயர்க்கப்படாமல் தப்பியவையும் உண்டு. சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் வாழும் பங்காளிகள் திருமணத்துக்கோ படைப்புக்கோ வரும்போது காவலாளி கதவைத் திறந்து, முற்றத்தைக் கழுவிவிட்டு, இரண்டாம் கட்டில் பந்திக்குப் பாய் விரிக்கிறார். அவரவர் புள்ளிக்குரிய அறையின் சாவி அவரவரிடமே இருக்கிறது.